மனிதர் ஆடியதா, கணினி ஆடியதா? செஸ் கணிப்புச் சோதனையை முறையாக நடத்த முழுமையான வழிகாட்டி

ஒரு செஸ் ஆட்டத்தின் நகர்வுகளை மட்டும் கையில் கொடுத்து, ஆடியது மனிதரா கணினியா என்று கேட்டால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்? கேள்வி எளிது. ஆனால் இதைச் சோதிக்கக் கிளம்பும் முயற்சிகளில் பல, வேறு எதையோ அளந்துவிட்டு வருகின்றன. முழு பலத்தில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலின் ஆட்டத்தையும் 1500 ரேட்டிங் (பலத்தைக் காட்டும் எண்) உள்ளவரின் ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பார்ப்பவர் பலத்தைத்தான் கண்டுபிடிக்கிறார். மனிதர் ஆடும் விதத்தை அல்ல. பலம், ஆட்டத்தின் நீளம், கடிகாரம், ஆட்டம் முடிந்த விதம் ஆகிய நான்கையும் சமன் செய்த பிறகும் வேறுபாடு தெரிகிறதா என்பதே உண்மையான கேள்வி. பெங்களூரில் நடத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதிய இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தச் சமன் செய்யும் வேலையைப் பற்றியது.

இந்த எண்ணம் பழையது. கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1948-இல் எழுதிய ஓர் அறிக்கையின் முடிவில் இதே சோதனையின் சிறு வடிவம் இருக்கிறது. காகிதத்தில் எழுதிய விதிகளை ஒருவர் கையால் இயக்கி செஸ் ஆடுவார். அவரும் இன்னொரு மனிதரும் வேறு அறையில் இருப்பார்கள். எதிரே ஆடுபவர், தன்னோடு ஆடுவது மனிதரா அந்தக் காகித இயந்திரமா என்று சொல்ல வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த இன்னொரு மனிதரும் எதிரே ஆடுபவரும் செஸ்ஸில் சுமாரானவர்களாக இருக்க வேண்டும் என்று டூரிங் சொல்லியிருப்பது. பலம் சமமாக இல்லாவிட்டால் சோதனைக்குப் பொருளில்லை என்பது அன்றே தெரிந்திருக்கிறது.

1997 மே மாதம் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினியுடன் ஆடிய உலகச் சாம்பியன் காஸ்பரோவ், இரண்டாவது ஆட்டத்தில் தோற்ற பிறகு மனிதத் தலையீடு இருந்ததோ என்று வெளிப்படையாகச் சந்தேகப்பட்டார். 36, 37-ஆவது நகர்வுகளில் டீப் புளூ ராணியை உள்ளே செலுத்திச் சிப்பாய்களைப் பிடிக்கப் போகாமல், பிஷப்பை இ4 கட்டத்தில் வைத்து எதிரியின் மூச்சை அடைத்தது. கிடைப்பதை உடனே எடுப்பதுதான் கணினியின் இயல்பு என்று எண்ணியிருந்தவருக்கு, அந்தப் பொறுமை மனிதரின் கையாகத் தெரிந்தது. பார்ப்பவரின் தீர்ப்பு, கணினி எப்படி ஆடும் என்று அவர் மனத்தில் வைத்திருக்கும் படத்தைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. அந்தப் படமும் காலத்தோடு மாறுகிறது. 2017-இல் தானே கற்றுக்கொண்ட ஆல்பாஜீரோ நிரலும், 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் நரம்பியல் வலையும் (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் அமைப்பும்) வந்த பிறகு, நீண்ட காலப் பலனுக்காகக் காயைக் கொடுப்பது கணினியின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்

சோதனையை மூன்று விதமாக நடத்தலாம். ஆடி முடித்த ஆட்டத்தைக் காட்டிக் கேட்பது ஒன்று. கணிப்பவரையே மறைவான எதிராளியோடு ஆடவிட்டுக் கேட்பது இரண்டாவது. ஒரே நிலையிலிருந்து பிறந்த இரண்டு தொடர்ச்சிகளைக் காட்டி, எது மனிதருடையது என்று கேட்பது மூன்றாவது.

முதல்முறை நடத்துபவர்களுக்கு முதல் விதத்தையே பரிந்துரைக்கிறோம். ஆட்டங்களை முன்கூட்டியே சமன் செய்து வைக்கலாம், ஒரே ஆட்டத்தைப் பலருக்குக் காட்டலாம், தவறு நடந்தால் எங்கே நடந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். நேரடி ஆட்டம் பார்க்க விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் ஒரு கணிப்புக்கு ஒரு மணி நேரம் செலவாகும். அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறோம்.

அளவு இப்படி இருக்கட்டும்: 24 தொடக்க நிலைகள் (முதல் 10 நகர்வுகளுக்குப் பின் காய்கள் நிற்கும் அமைப்புகள்), ஒவ்வொன்றிலிருந்தும் மனிதர் ஆடிய ஒரு ஆட்டம், கணினி ஆடிய ஒரு ஆட்டம், கணிப்பவர்கள் 16 பேர். முதல் தொகுப்பில் 12 நிலைகளின் மனித ஆட்டமும் மற்ற 12-இன் கணினி ஆட்டமும் இருக்கும். இரண்டாவது தொகுப்பில் அப்படியே தலைகீழ். 8 பேர் முதல் தொகுப்பையும் 8 பேர் இரண்டாவதையும் பார்ப்பார்கள். ஒரே நிலையின் இரண்டு வடிவங்களும் ஒருவர் கண்ணில் படக் கூடாது. இதனால் மொத்தம் 384 கணிப்புகள் கிடைக்கும். உண்மையான திறமை 60 சதவீதம் என்றால், அதை வெறும் ஊகத்திலிருந்து பிரித்துக் காட்டச் சுமார் 150 சுதந்திரமான (ஒன்றையொன்று சாராத) கணிப்புகள் வேண்டும். 70 சதவீதம் என்றால் 40-க்குள் போதும். ஒரே ஆட்டத்தைப் பலர் பார்ப்பதால் 384-ம் சுதந்திரமானவை அல்ல. அதனால்தான் இவ்வளவு உபரி.

மனித ஆட்டங்களைத் திரட்டுதல்

இரண்டு வழிகள் உண்டு. எளிய வழி, லீசெஸ் என்ற இணையச் செஸ் தளம் மாதவாரியாக இலவசமாக வெளியிடும் ஆட்டத் தொகுப்பு. அண்மைய மாதங்களின் கோப்புகள் மிகப் பெரியவை. சாதாரண மடிக்கணினி திணறும். 2013 ஜனவரிக் கோப்பில் சுமார் 1.2 லட்சம் ஆட்டங்கள்தான், 20 எம்பிக்குள் அடங்கிவிடும். அந்த ஆண்டில் அங்கே பாட் கணக்குகள் (நிரல்கள் ஆடும் கணக்குகள்) இல்லை என்பது கூடுதல் வசதி. கடிகாரக் குறிப்புகள் 2017 ஏப்ரல் முதல்தான் இருக்கின்றன. முதன்மைச் சோதனைக்கு அவை வேண்டியதில்லை.

வடிகட்டும்போது பார்க்க வேண்டியவை: நேரக் கட்டுப்பாடு 10 நிமிடமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஆட்டம் இயல்பாக முடிந்ததாக இருக்க வேண்டும், நேரம் தீர்ந்து முடிந்தவை வேண்டாம், இருவருக்கும் ரேட்டிங் வித்தியாசம் 100-க்குள் இருக்க வேண்டும், குறைந்தது 40 நகர்வுகள் ஓடியிருக்க வேண்டும். லீசெஸில் புதிதாகச் சேருபவர்களுக்கு 1500 என்ற எண்ணே தொடக்கத்தில் கிடைக்கும் என்பதால், 1500 என்று காட்டுபவர் உண்மையில் 1000-ஆகவும் இருக்கலாம், 2000-ஆகவும் இருக்கலாம். ஒரே ஆட்டத்தில் ரேட்டிங் 15 புள்ளிக்கு மேல் ஏறி இறங்கியிருந்தால் அந்தக் கணக்கு இன்னும் நிலைபெறவில்லை. அந்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள். லீசெஸ் ரேட்டிங்கும் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கும் ஒன்றல்ல என்பதையும் அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. இணையத்தில் ஆடியவர் பக்கத்தில் இன்ஜினைத் (செஸ் ஆடும் நிரலைத்) திறந்து வைத்திருந்தாரா என்று நமக்குத் தெரியாது. ‘மனிதர்' என்று நாம் ஒட்டும் சீட்டு சில ஆட்டங்களில் பொய்யாக இருந்தால், சரியாகச் சொன்ன கணிப்பாளருக்கே மதிப்பெண் குறையும்.

ஆகவே முடிந்தவர்கள் இரண்டாவது வழியில் போங்கள்: பலகையில் நேருக்கு நேர் ஆட வைத்துப் பதிவு செய்வது. பெங்களூரில் இதற்கு ஆள் பஞ்சமில்லை. அல்சூர், ஸ்ரீராம்புரம், கே.ஆர்.புரம், ஜாலஹள்ளி என்று தமிழர்கள் நிறைந்த பகுதிகளில் பள்ளி முடித்துப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும், அடுக்குமாடி வளாகங்களில் வார இறுதியில் ஆடும் ஐடி ஊழியர்களும் இருக்கிறார்கள். 1400 முதல் 1700 வரை ஃபிடே ரேட்டிங் உள்ள 12 பேரை அழைத்து, தலைக்கு 6 ஆட்டம் வீதம் 36 ஆட்டங்கள் ஆடச் சொல்லுங்கள். 40 நகர்வைத் தொடாதவற்றைக் கழித்தால் 24 தேறும். நேரம் 25 நிமிடம், நகர்வுக்கு 10 விநாடி கூடுதல். ராபிட் (குறுகிய நேர) ஆட்டத்தில் நகர்வுகளை எழுதுவது கட்டாயமில்லை என்பதால், எழுதியே ஆக வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நேர நெருக்கடியில் எழுத்து நின்றுபோகும். அதற்காக ஒவ்வொரு பலகைக்கும் மேலே ஒரு செல்போன் கேமராவைத் தாங்கியில் பொருத்துங்கள். ஆட்டக்காரர்களின் செல்போன்கள் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட வேண்டும். இந்த 12 பேரில் ஒருவரும் பின்னால் கணிப்பாளராக வரக் கூடாது. மாநிலச் சங்கத்தின் ரேட்டிங் போட்டி நடக்கும் வாரத்தைத் தவிருங்கள். நீங்கள் தேடும் ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

புகழ்பெற்ற கிராண்ட்மாஸ்டர் ஆட்டங்களை எடுக்க வேண்டாம். பயிற்சி எடுத்தவர்களுக்குப் பல ஆட்டங்கள் மனப்பாடம். நினைவாற்றலை அளந்துவிட்டுப் பகுத்தறியும் திறனை அளந்ததாக எண்ணிக்கொள்வோம்.

கணினி ஆட்டங்களை உருவாக்குதல்

ஒவ்வொரு மனித ஆட்டத்திலும் இரு தரப்பும் 10 நகர்வுகள் ஆடிய பிறகு வரும் நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையிலிருந்து கணினி இரு பக்கமும் ஆடட்டும். இப்படிச் செய்தால் ஓப்பனிங் (தொடக்க நகர்வுகள்) ஒரு துப்பாக இருக்காது. இல்லாவிட்டால், ‘இந்த வரிசையை எங்கள் பக்கத்துப் பயிற்சியாளர்கள்தான் சொல்லித் தருவார்கள்' என்ற ஒரே காரணத்தை வைத்துக் கணிப்பாளர் ஜெயித்துவிடுவார்.

எந்தக் கணினி என்பதுதான் சோதனையின் உயிர். இரண்டு வகைகளை எடுத்துச் சரிபாதியாகக் கலக்கலாம்.

முதலாவது, பலம் குறைக்கப்பட்ட ஸ்டாக்ஃபிஷ். அதில் ஈலோ (ரேட்டிங் அளவு) எல்லை வைக்கும் அமைப்பு உண்டு. அண்மைப் பதிப்புகளில் 1320 முதல் 3190 வரை வைக்கலாம். உள்ளே நடப்பது என்னவென்றால், சில நல்ல நகர்வுகளைக் கண்டுபிடித்துவிட்டு, அவற்றில் கொஞ்சம் மட்டமான ஒன்றைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுக்கிறது. தவறு செய்யத் தெரியாத ஒன்றைத் தவறு செய்யச் சொல்வதால், அதன் தவறுகளுக்குக் காரணம் இருக்காது. ஐந்து நகர்வு ஆழமான கூட்டுத்தாக்குதலைத் துல்லியமாகத் தடுத்த கையோடு, அடுத்த நகர்வில் குதிரையைச் சும்மா கொடுத்துவிடும்.

இரண்டாவது, மையா. 2020-இல் வெளிவந்த இந்த நரம்பியல் வலைகள் லீசெஸில் மனிதர்கள் ஆடிய கோடிக்கணக்கான ஆட்டங்களில் பயிற்றுவிக்கப்பட்டவை; சிறந்த நகர்வைத் தேடாமல், அந்த ரேட்டிங் மனிதர் எதை ஆடுவார் என்று ஊகிக்கும். 1100 முதல் 1900 வரை நூறு நூறாக ஒன்பது வலைகள் இருக்கின்றன. லீலா என்ற இன்ஜினில் ஏற்றி, ஒரு நகர்வுக்கு ஒரே ஒரு கணு (தேடலில் ஆராயப்படும் ஒரு நிலை) மட்டும் என்று கட்டளை கொடுக்க வேண்டும். அதைக் கூட்டினால் தேடல் உள்ளே வந்து, மனிதச் சாயல் குறைந்துவிடும். இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒரே நிலையைக் கொடுத்தால் அது ஒரே நகர்வைத்தான் திரும்பத் திரும்ப ஆடும். ஒரு நிலையிலிருந்து இரண்டாவது ஆட்டம் வேண்டுமென்றால் வேறு எண்ணுள்ள வலையைப் போட வேண்டும். இரண்டாவது, 1100 என்று பெயர் கொண்ட வலை 1100-ஐவிடப் பலமாக ஆடும். அது ஒரு பெரிய கூட்டத்தின் மிகச் சாதாரணத் தேர்வை ஆடுவதால், தனி மனிதரின் தடுமாற்றங்கள் சராசரியில் கரைந்துபோகின்றன. ஆகவே பெயரிலுள்ள எண்ணை நம்பிச் சமன் செய்யாதீர்கள்.

ஆட்டங்களை ஓட்டுவதற்கு, இன்ஜின்களை ஆட வைக்கும் க்யூட்செஸ் என்ற நிரல் போதும். தொடக்க நிலைகளை ஒரு கோப்பில் வரிசையாகக் கொடுத்துவிட்டால் இரவோடு இரவாக முடிந்துவிடும். ‘தோல்வி ஒப்புக்கொள்ளல்', ‘டிரா ஒப்பந்தம்' ஆகிய தானியங்கி விதிகளை அணைத்து வையுங்கள்.

இவற்றோடு 4 கட்டுப்பாட்டு ஆட்டங்களும் வேண்டும்: ஸ்டாக்ஃபிஷின் திறன் நிலையைப் பூஜ்யத்தில் வைத்து, வேண்டுமென்றே சமன் செய்யாமல் விட்டவை. இவற்றைக்கூட ஒருவராலும் பிடிக்க முடியவில்லை என்றால், கோளாறு சோதனையில் இருக்கிறது என்று பொருள். இவற்றைச் சேர்த்தால் ஒருவர் பார்ப்பது 28 ஆட்டங்கள். கணக்கில் 24 மட்டுமே.

பலத்தைச் சமன் செய்தல்

இங்கேதான் பொறுமை வேண்டும். எல்லா ஆட்டங்களையும் முழு பலமுள்ள ஸ்டாக்ஃபிஷிடம் கொடுத்து, ஒரு நிலைக்குப் பத்து லட்சம் கணு என்று நிலையாக வைத்து, 11 முதல் 35 வரையுள்ள நகர்வுகளின் சராசரி இழப்பைக் (சிறந்த நகர்வைவிட எத்தனை சிப்பாய் மதிப்புக் குறைந்தது என்பதை) கணக்கிடுங்கள். பைத்தான்-செஸ் நூலகத்தில் இதற்குச் சில டஜன் வரிகள் எழுதினால் போதும். ஆழத்தை அளவாக வைப்பதைவிடக் கணு எண்ணிக்கையை வைப்பது நல்லது. எந்தக் கணினியில் ஓட்டினாலும் ஒரே அளவு வேலை நடக்கும். ஓர் இழையில் (செயலியின் ஒரே வேலைத் தொடரில்) ஓட்டுங்கள். பல இழைகளில் ஓட்டினால் அதே நிலைக்கு ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும்.

சராசரி கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. மேட் கண்ணில் பட்டால் இன்ஜின் ராட்சத எண்களைக் கொடுக்கும். ஒரு நகர்வின் இழப்பு 10 சிப்பாய்க்கு மேல் போகாதபடி வெட்டிவிடுங்கள். ஒரு பக்கம் ஏற்கெனவே 5 சிப்பாய் அளவுக்கு மேல் முன்னிலையில் இருந்தால் அங்கே யார் என்ன ஆடினாலும் பொருளில்லை. அந்த நகர்வுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு நிலையின் மனித ஆட்டமும் கணினி ஆட்டமும், சராசரி இழப்பில் ஒரு சிப்பாயின் பத்தில் ஒரு பங்குக்குள்ளும், 3 சிப்பாய் மதிப்புள்ள பெருந்தவறுகளின் எண்ணிக்கையில் ஒன்றுக்குள்ளும் இருந்தால் இணையாக ஏற்கலாம். பொருந்தாவிட்டால் ஸ்டாக்ஃபிஷை மறுபடி ஓட்டுங்கள். அதற்குள் சீரற்ற தன்மை இருப்பதால் வேறு ஆட்டம் வரும். மையா என்றால் அடுத்த வலையைப் போடுங்கள். பத்து முயற்சிக்குள் பொருந்தாத நிலையைக் கைவிட்டு வேறொன்றை எடுங்கள், எத்தனை நிலைகள் கைவிடப்பட்டன என்று எழுதி வையுங்கள். தேர்ந்தெடுக்கும்போது நமக்குப் பிடித்ததை, ‘இது நல்லா ஏமாத்தும்' என்று தோன்றுவதை எடுக்கும் ஆசை வரும். அதைத் தடுக்க ஒரே வழி, எண்களில் பொருந்திய முதல் ஆட்டத்தையே எடுப்பது. ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிப் பார்க்காமலே எடுக்க வேண்டும்.

துப்புகளைத் துடைத்தல்

மனிதர்கள் தோல்வியை ஒப்புக்கொள்வார்கள், கைகுலுக்கி டிரா செய்வார்கள். கணினி மேட் வரை போகும், அல்லது ஐம்பது நகர்வு விதி வரும்வரை யானையை இங்குமங்கும் நகர்த்தும். ஆகவே எல்லா ஆட்டங்களையும் 35-ஆவது நகர்வோடு வெட்டிவிடுங்கள். முதல் 10 நகர்வுகள் பொதுவானவை என்று சொல்லி, கணிக்க வேண்டியது 11 முதல் 35 வரை என்று தெளிவாக்குங்கள். 35-க்குள் முடிந்துபோன கணினி ஆட்டங்கள் தேர்வுக்கு வராது. இதனால் இறுதிக்கட்ட ஆட்டம் பெரும்பாலும் சோதனைக்கு வெளியே போய்விடும். அது ஒரு இழப்புதான். ஆனால் அதை வைத்திருந்தால் ஆட்டம் முடியும் விதமே விடையைச் சொல்லிவிடும்.

அடுத்து கோப்புகள். நகர்வுகளைப் பதியும் பிஜிஎன் கோப்பின் தலைப்பில் பெயர், தேதி, இடம், ரேட்டிங், முடிவு எல்லாம் இருக்கும். உள்ளே மதிப்பீட்டு எண்களும் கடிகாரக் குறிப்புகளும் ஒளிந்திருக்கும். அத்தனையையும் நீக்குங்கள். கோப்பின் பெயரும் காட்டிக்கொடுக்கும். 101 முதல் சீரற்ற எண்களைப் பெயராக வையுங்கள். காட்டும் மென்பொருளில் மதிப்பீட்டுப் பட்டை (யார் முன்னிலை என்று இன்ஜின் காட்டுவது) அணைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே ஒரு திரையில் அது எரிந்தாலும் அந்தக் கணிப்பாளரின் விடைகள் முழுவதும் வீண்.

நகர்வுகள் தானாக ஓடும் வேகமும் ஒரு துப்பே. கணிப்பவரே அம்புக்குறியை அழுத்தி முன்னும் பின்னும் போகட்டும். ஓர் ஆட்டத்துக்கு 3 நிமிடம்.

கணிப்பவர்களும் அரங்கும்

மூன்று தரத்தில் ஆட்கள் தேவை: விதிகள் தெரிந்து பொழுதுபோக்காக ஆடுபவர்கள், 1400–1700 ஃபிடே ரேட்டிங் உள்ளவர்கள், 1800-க்கு மேற்பட்டவர்கள். ஒவ்வொரு தரத்தையும் இரு தொகுப்புகளுக்கும் சமமாகப் பிரியுங்கள். ஒவ்வொருவரிடமும் எந்த இன்ஜினோடு பழக்கம், பாட்களோடு எவ்வளவு ஆடுவார் என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் இது ரேட்டிங்கைவிட முக்கியமாக இருக்கக்கூடும்.

ஞாயிறு காலை 10 மணி நல்ல நேரம். மாலையில் வைத்தால் மழையும் போக்குவரத்தும் பாதிப் பேரை வழியிலேயே நிறுத்திவிடும். அல்சூர், இந்திராநகர்ப் பக்கம் மெட்ரோவிலிருந்து நடந்து வரக்கூடிய இடமாக இருந்தால் நகரத்தின் இரு கோடியிலிருந்தும் வர முடியும். மின்வெட்டுக்குத் தயாராக, ஆட்டங்களை மூன்று நகர்வுக்கு ஒரு படம் வீதம் அச்சிட்டும் வைத்திருங்கள்.

பெங்களூர்த் தமிழர்களில் பலர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படித்தவர்கள். தமிழில் சரளமாகப் பேசுவார்கள், வாசிக்கும்போது மட்டும் வேகம் குறையும். வழிமுறையை ஒருவர் தமிழில் வாய்விட்டு வாசிக்கட்டும். விடைத்தாளில் கேள்விகள் மூன்று மொழிகளிலும் இருக்கட்டும். காரணம் எழுதச் சிரமப்படுபவர்களிடம் ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதலாம். ஆனால் அவருக்கும் விடை தெரிந்திருக்கக் கூடாது. விடை தெரிந்தவர் புருவத்தை உயர்த்தினாலே போதும், செய்தி போய்விடும். விடைப்பட்டியல் மூடிய உறையில், அரங்குக்கு வெளியே இருக்க வேண்டும்.

செல்போன்களை வாங்கி வைத்துவிடுங்கள். ஆட்டங்களின் வரிசை ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக இருக்கட்டும். பாதிக்குப் பாதி என்று சொல்லாதீர்கள். சொன்னால் கடைசி ஐந்தாறு ஆட்டங்களில் ஆட்டத்தைப் பார்க்காமல் கணக்கைச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். ‘இரண்டும் கலந்திருக்கின்றன' என்பது மட்டும் போதும். இடையில் சரி, தவறு சொல்லக் கூடாது. 14 ஆட்டங்களுக்குப் பிறகு 15 நிமிடம் காபி இடைவேளை. அப்போது இரு தொகுப்பினரையும் தனித்தனி இடத்தில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால், ஒரே நிலையை இருவரும் பார்த்தது பேச்சில் வெளிப்பட்டு, இணை ஆட்டங்கள் இருப்பது தெரிந்துவிடும்.

விடைத்தாளில் ஆட்டத்துக்கு நான்கே கேள்விகள். மனிதரா, கணினியா? எவ்வளவு நிச்சயம், 1 முதல் 4 வரை? எந்த நகர்வில் முடிவுக்கு வந்தீர்கள்? ஏன், ஒரு வரியில்? இந்த ஆட்டத்தை முன்பே பார்த்திருந்தால் அதைக் குறிக்க ஒரு கட்டமும் வையுங்கள். குறித்திருந்தால் அந்த விடை கணக்கில் வராது. பெயர் வேண்டாம், எண் போதும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்து தேவை.

கணக்கு பார்த்தல்

24-க்கு 17 சரியாகச் சொன்னவரைப் பார்த்து வியக்கும் முன் ஒரு கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பவர் 17 அல்லது அதற்கு மேல் எடுக்க 3.2 சதவீத வாய்ப்பு உண்டு. 16 பேரில் யாராவது ஒருவர் அப்படி எடுக்க 40 சதவீத வாய்ப்பு. 18 என்று எல்லையை உயர்த்தினாலும், யாராவது ஒருவருக்கு அதிர்ஷ்டத்தில் கிடைக்க 17 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஆகவே முதலிடம் பிடித்தவரை ‘கணினியைக் கண்டுபிடிக்கும் கண் கொண்டவர்' என்று அறிவிக்காதீர்கள். முதல் மூன்று பேரைப் புதிய 24 ஆட்டங்களோடு மறுபடி உட்கார வையுங்கள். அதற்காகவே தொடக்கத்தில் இன்னும் 24 நிலைகளைத் தயாரித்துத் தனியே வைத்திருக்க வேண்டும்.

சரியான விடைகளின் சதவீதம் மட்டும் போதாது. எல்லாவற்றையும் கணினி என்று சொல்பவரும் பாதி மதிப்பெண் வாங்குவார். கணினி ஆட்டத்தைக் கணினி என்று சொன்ன விகிதத்தையும், மனித ஆட்டத்தைக் கணினி என்று சொன்ன விகிதத்தையும் தனித்தனியாக எடுங்கள். ஒருவர் 12 கணினி ஆட்டங்களில் 9-ஐயும், 12 மனித ஆட்டங்களில் 5-ஐயும் கணினி என்றால், விகிதங்கள் 0.75, 0.42. விரிதாளில் தலைகீழ் இயல்நிலைச் சார்பில் (NORM.S.INV) இவற்றைப் போட்டுக் கழித்தால் 0.88 வரும். இதுதான் பகுத்தறியும் திறனின் அளவு. பூஜ்யம் என்றால் வெறும் ஊகம். 12-க்கு 12 வந்தால் விடை முடிவிலிக்குப் போய்விடும் என்பதால், எல்லோருக்குமே எண்ணிக்கையில் 0.5-உம் மொத்தத்தில் 1-உம் கூட்டிவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

குழு முழுவதற்கும் 384 கணிப்புகளை ஒரே குவியலாகக் கொட்டிச் சதவீதம் பார்ப்பது தவறு. ஏமாற்றும் தன்மையுள்ள ஒரே ஆட்டம் எட்டு பேரையும் ஒன்றாகக் கவிழ்க்கும். அது எட்டு தனிச் சான்றுகள் ஆகாது. 24 நிலைகளுக்கும் தனித்தனியே, மனித வடிவத்திலும் கணினி வடிவத்திலும் கிடைத்த சரிவிகிதங்களின் சராசரியை எடுங்கள். கிடைக்கும் 24 எண்கள் 50 சதவீதத்துக்கு மேல் சாய்கின்றனவா என்று வில்காக்சன் என்ற புள்ளியியல் சோதனையில் பாருங்கள். அதையே 16 கணிப்பாளர்களின் எண்களுக்கும் செய்யுங்கள். இரண்டிலும் நின்றால்தான் முடிவு நிற்கும். ஸ்டாக்ஃபிஷ் பாதியையும் மையா பாதியையும் பிரித்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். இரண்டையும் கலந்தால், ஒன்றில் எளிதாகக் கிடைத்த வெற்றி இன்னொன்றின் தோல்வியை மறைத்துவிடும்.

காரணங்களைப் படித்தல்

எங்களைக் கேட்டால், எண்களைவிட இந்த ஒரு வரிக் காரணங்களில்தான் செல்வம் இருக்கிறது. விடை தெரியாத இருவர் தனித்தனியே இவற்றை வகைப்படுத்தட்டும்: தவறின் தன்மை, திட்டத்தின் தொடர்ச்சி, தாக்குதலின் துல்லியம், பொருளற்ற நகர்வு, ‘ஏதோ தோன்றியது'. பிறகு எந்தக் காரணம் சரியான விடைக்கும் எந்தக் காரணம் தவறான விடைக்கும் அடிக்கடி இட்டுச் சென்றது என்று பாருங்கள்.

‘பெரிய தவறு செய்திருக்கிறது, அதனால் மனிதர்' என்பது முதலில் சறுக்கும் காரணம்; ஏனென்றால் பலம் குறைத்த இன்ஜின் தவறு செய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. பார்க்க வேண்டியது தவறின் வடிவம். மனிதர் தவறுக்குப் பின்னால் ஒரு பார்வை இருக்கும். பின்னோக்கி வரும் குதிரையையும் நீண்ட மூலைவிட்டத்தில் பின்வாங்கும் பிஷப்பையும் கவனிக்கத் தவறுவார். மூன்று நகர்வுக்கு முன் நகர்ந்துவிட்ட காய் இன்னும் பழைய கட்டத்தில் நிற்பதாக எண்ணிக் கணக்கிடுவார். வெட்டியதைப் பார்த்ததும் யோசிக்காமல் திருப்பி வெட்டுவார். ஒரு அடி வாங்கியதும் அடுத்தடுத்து இரண்டு மூன்று தவறு செய்வார். பலம் குறைத்த ஸ்டாக்ஃபிஷுக்கு இந்தத் தொடர்பு இருக்காது. பெருந்தவறுக்கு அடுத்த நொடியே பழைய துல்லியத்துக்குத் திரும்பும்.

மையாவைப் பிடிப்பது கடினம். தனித்தனி நகர்வாகப் பார்த்தால் எல்லாம் மனிதர் ஆடுவதைப் போலவே இருக்கும். சந்தேகப்பட வேண்டியது ஆட்டத்தின் இழையை: ராஜா பக்கம் சிப்பாய்களைத் தள்ளித் தொடங்கிய தாக்குதல் நான்கு நகர்வில் காரணமில்லாமல் கைவிடப்படும், ஒருவரின் பிடிவாதம், பயம், ஒரே காய்மீதான பிரியம் எதுவும் ஆட்டம் நெடுகத் தெரியாது. இந்தக் காரணத்தைச் சொன்னவர்கள் உண்மையிலேயே அதிகம் ஜெயித்தார்களா என்று உங்கள் தரவில் தனியாகப் பாருங்கள்.

நேரடி ஆட்டமாக நடத்துவதென்றால்

இரண்டு அறைகள், நடுவில் ஒரு தூதர். கணிப்பவர் ஓர் அறையில் ஆடுவார்; மற்ற அறையில் மனித எதிராளியும் கணினியும் இருக்கும். இரண்டின் நகர்வும் அதே தூதரின் கையால், அதே வகைச் சீட்டில் வர வேண்டும். நேரம்தான் இங்கே பெரிய துப்பு. திருப்பி வெட்டும் நகர்வை மனிதர் உடனே ஆடுவார், சிக்கலான இடத்தில் நெடுநேரம் யோசிப்பார். ஆகவே எந்த நகர்வானாலும் 40 விநாடி முடிந்து மணி அடித்த பிறகே சீட்டு வெளியே வர வேண்டும். மனித எதிராளியும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும். 40-ஆவது நகர்வில் ஆட்டத்தை நிறுத்தி விடை கேளுங்கள். மனித எதிராளியிடம் ஜெயிக்க ஆடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். கணினியைப் போல ஆடிக் காட்டச் சொன்னால் அது நடிப்புத் திறனைச் சோதிக்கும் வேறொரு சோதனை ஆகிவிடும். மனிதரா கணினியா என்பதை ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன், நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

எந்த வடிவில் நடத்தினாலும், ஆட்டங்கள், இன்ஜின் பதிப்பு, வலையின் எண், கணு அளவு, கைவிட்ட நிலைகள், விடைத்தாள்கள் அனைத்தையும் மற்றவர்கள் எடுத்துச் சரிபார்க்கும்படி வெளியிடுங்கள். மறுசோதனைக்கென்று ஒதுக்கிய 24 நிலைகளை மட்டும், முதல் மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்து முடிக்கும்வரை யாருக்கும் காட்டாதீர்கள்.